கியர் மாற்றும் அந்த அரை நொடி: வாசகர் கேள்வி பதில்

மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. கிளச்சை மிதித்து, கியரை மாற்றி, மறுபடி கிளச்சை விடும் அந்த அரை நொடியில் ஆர்பிஎம் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) முள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதே அது. கணக்குப் போட ஒரு கார் வேண்டும் என்பதால், 2012-இல் வந்த டொயோட்டா 86-இன் ஆறு கியர் மேனுவலை எடுத்துக்கொள்கிறோம். அதன் கியர் விகிதங்கள் முதல் கியரிலிருந்து வரிசையாக 3.626, 2.188, 1.541, 1.213, 1.000, 0.767. கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இறுதி விகிதம் 4.1. டயர் 215/45 ஆர்17. ரெட்லைன், அதாவது எஞ்சின் தாண்டக்கூடாத ஆர்பிஎம், 7,400. வேறு கார் வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டில் உள்ள எண்களை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம், கணக்கு ஒன்றுதான்.

கேள்வி: முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் ஆர்பிஎம் தடாலென்று விழுகிறது. நான்கிலிருந்து ஐந்துக்குப் போனால் கொஞ்சம்தான் இறங்குகிறது. கியர்பாக்ஸில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. கிளச் முழுதாகப் பிடித்திருக்கும்வரை எஞ்சினால் தன் விருப்பத்துக்குச் சுற்ற முடியாது. சக்கரம் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதை இறுதி விகிதத்தாலும் அப்போதுள்ள கியரின் விகிதத்தாலும் பெருக்கினால் வருவதுதான் முள் காட்டும் எண். மேலே சொன்ன டயரின் சுற்றளவு சுமார் 1.96 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 850 சுற்று சுற்றும். அப்படியென்றால் ஐந்தாவது கியரில் ஏறத்தாழ 3,480 ஆர்பிஎம், நான்காவதில் 4,220, மூன்றாவதில் 5,360, ஆறாவதில் 2,670. இரண்டாவது கியரில் அதே வேகத்துக்கு 7,600-க்கு மேல் வேண்டும், ரெட்லைனையே தாண்டிவிடும்.

மேல் கியருக்குப் போகும்போது எவ்வளவு விழும் என்பதை, புதிய கியரின் விகிதத்தைப் பழைய கியரின் விகிதத்தால் வகுத்தால் தெரிந்துகொள்ளலாம். 7,000-இல் மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு 4,220-இல் போய் நிற்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 4,930. மூன்றிலிருந்து நான்குக்கு 5,510. நான்கிலிருந்து ஐந்துக்கு 5,770. முதல் மாற்றத்தில் 2,780 ஆர்பிஎம் விழுகிறது, நான்கு-ஐந்தில் 1,230 மட்டும். வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு ஏறுவதால், மேல் கியர்களில் எஞ்சினைச் சக்தி மிகுந்த ஆர்பிஎம்மிலேயே வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கியர்களை நெருக்கமாக அமைக்கிறார்கள். ஐந்து-ஆறில் இடைவெளி மறுபடி அகலமாகி 1,630 விழும். ஆறாவது கியர் நெடுஞ்சாலையில் எரிபொருள் மிச்சம் பிடிக்க வைத்தது.

கைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கிளச்சை மிதித்த பிறகு முள் தானாக விழ நேரம் பிடிக்கும். ஒன்று-இரண்டில் விழ வேண்டியது அதிகம், எனவே கை கொஞ்சம் நிதானமாகப் போகலாம். நான்கு-ஐந்தில் அதே நிதானம் காட்டினால், நீங்கள் கிளச்சை விடுவதற்குள் முள் போக வேண்டிய இடத்தையும் தாண்டி இறங்கியிருக்கும். கிளச்சை விட்டதும் கார் முன்னே பாய்ந்தால் ஆர்பிஎம் இன்னும் இறங்கவில்லை என்று பொருள். பின்னால் பிடித்து இழுத்ததுபோல முகப்பு அமுங்கினால் ஆர்பிஎம் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. இந்த இரண்டு குலுக்கலையும் பிரித்து உணரப் பழகிவிட்டால், தவறு எந்தப் பக்கம் என்று மீட்டரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

கேள்வி: ஆக்சிலரேட்டரை விட்டுக் கிளச்சை மிதித்தாலும் முள் உடனே இறங்குவதில்லை. ஒரு நொடி அதே இடத்தில் தொங்குகிறது. சில நேரம் 200, 300 ஏறக்கூடச் செய்கிறது. சர்வீஸில் எல்லாக் கார்களும் இப்படித்தான் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. இதில் மூன்று வேறு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில், முள் ஏறுவது. அது பெரும்பாலும் காலின் வேலை. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் முழுதாக வருவதற்குள் கிளச் பிரிந்துவிட்டால், சுமை போன எஞ்சின் மேலே துள்ளும். வலது கால் ஒரு கணம் முந்த வேண்டும், இடது கால் அதைப் பின்தொடர வேண்டும். இடைவெளி நீண்டால் கார் எஞ்சின் பிரேக்கிங்கில் தலை குனியும், ஆகவே மிகச் சிறிய முந்தல் போதும்.

இரண்டாவது, தொங்குவது. இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டருக்கும் த்ராட்டிலுக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் மடல்) நடுவே கேபிள் கிடையாது; நீங்கள் காலை எடுத்தாலும் த்ராட்டில் எப்போது மூட வேண்டும் என்பதை எஞ்சினின் கணினியான இசியு முடிவு செய்கிறது. த்ராட்டில் சட்டென்று மூடினால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் திடீரென்று கூடும். சிலிண்டருக்குள் நுழையும் வழியான போர்ட்டின் சுவரில் படிந்திருக்கும் பெட்ரோல் அந்த வெற்றிடத்தில் ஆவியாகி உள்ளே போகும்; அதை எரிக்கப் போதிய காற்று இருக்காது. எரியாத ஹைட்ரோகார்பன் புகைபோக்கி வழியாக வெளியேறும். மாசு விதிகள் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே இசியு த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது, முள்ளும் அதோடு தொங்குகிறது. கனமான டூயல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுழலும், நடுவே ஸ்பிரிங்குகள் கொண்ட இரட்டைச் சக்கரம்) இருந்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும். சுழலும் எடை அதிகம், நிற்க நேரம் ஆகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொங்கல் அதிகம். ஏசி கம்ப்ரசர் ஓடும்போது அந்தச் சுமை முள்ளைச் சீக்கிரம் இறக்கும். கார் வாங்கிய நாளிலிருந்து தொங்கல் ஒரே மாதிரி இருந்தால் அது இந்த வகை. பழுதுபார்க்க அதில் ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: முன்பு இல்லாத தொங்கல் புதிதாக வந்திருந்தால். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நியூட்ரலில் 3,000 வரை ஏற்றி விட்டுப் பாருங்கள். ஓரிரு நொடிகளில் ஐடிலுக்கு, அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்துக்கு, திரும்ப வேண்டும். 1,500-க்கும் 2,000-க்கும் நடுவே நின்று மெல்ல நழுவினால், எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, அல்லது த்ராட்டில் முழுதாக மூடவில்லை. ஏர்ஃப்ளோ சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை மடித்து வளைத்து விரிசல் பாருங்கள். மடிப்புகளின் அடிப்பக்கம்தான் முதலில் வெடிக்கும். எஞ்சினின் உள்வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி குழாய், மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய் ஆகியவற்றையும் பாருங்கள். ஸ்கேனர் இருந்தால் லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம்மை, அதாவது இசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, பாருங்கள். ஐடிலில் அது +10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்கு அருகே வந்துவிட்டால் காற்றுக் கசிவு என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். ஐடிலில் உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால் அங்கே சிறு கசிவும் பெரிய பங்காகிவிடும். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் துடைத்துவிட்டு, கையேட்டில் சொன்னபடி ஐடிலை மறுபடி கற்பிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஐடில் உயர்ந்தே நிற்கக்கூடும்.

பலர் விட்டுவிடும் ஒரு பொருள் கிளச் பெடலின் ஸ்விட்ச். கிளச் மிதிக்கப்பட்டதை இசியுவுக்குச் சொல்வது அதுதான். அது கெட்டாலோ இடம் நகர்ந்தாலோ, கியர் இன்னும் பிடித்திருக்கிறது என்று நினைத்து இசியு சில கார்களில் ஆர்பிஎம்மைத் தாங்கிப் பிடிக்கும். குரூஸ் கண்ட்ரோலில் போகும்போது கிளச்சைத் தொட்டும் அது விலகவில்லையென்றால் சந்தேகத்தை முதலில் அந்த ஸ்விட்ச்மேல் வையுங்கள்.

கேள்வி: ஐந்தாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை.

கிளச் வழுக்குகிறது. காலியான நேர்ச் சாலையில் ஐந்தாவது கியரில் 2,000-லிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். எஞ்சினின் டார்க் (திருப்பு விசை) கூடும் இடத்தில் முள் மட்டும் பிரிந்து குதித்தால் சந்தேகம் வேண்டாம். கிளச் பிளேட் தேய்ந்திருக்கலாம், பிரஷர் பிளேட் வலுவிழந்திருக்கலாம், கிராங்க்கின் பின்பக்க சீல் கசிந்து எண்ணெய் படிந்திருக்கலாம். எண்ணெய் பட்டிருந்தால் பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண்; சீலையும் மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். வழுக்கும் சூட்டில் ஃப்ளைவீல் முகமும் நீலம் பாய்ந்து கெட்டுவிடும்.

கேள்வி: கீழ்க் கியருக்கு மாற்றும்போது கார் குலுங்குகிறது. ரெவ் மேட்சிங் (ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சினின் ஆர்பிஎம்மைக் கீழ்க் கியருக்குப் பொருத்துவது) செய்யச் சொல்கிறார்கள். ஆக்சிலரேட்டரை எவ்வளவு தட்ட வேண்டும்? எப்போது தட்ட வேண்டும்?

எவ்வளவு என்பதற்கு எண்ணாகவே பதில் சொல்லலாம். எடுத்துக்கொண்ட காரில் ஐந்திலிருந்து நான்குக்கு ஆர்பிஎம் 1.21 மடங்காக வேண்டும். நான்கிலிருந்து மூன்றுக்கு 1.27 மடங்கு, மூன்றிலிருந்து இரண்டுக்கு 1.42 மடங்கு. பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். 60 கிலோமீட்டரில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் 3,220-லிருந்து 4,570, அதாவது 1,350 ஏற்ற வேண்டும். 80 கிலோமீட்டரில் அதே மாற்றத்துக்கு 4,290-லிருந்து 6,090, அதாவது 1,800. எப்போதும் ஒரே அளவு தட்டிப் பழகியவர்களுக்கு நகரத்தில் சரியாக வரும், வேகத்தில் குலுங்கும். காரணம் இதுதான்.

பழகும் முறை: கிளச்சை மிதியுங்கள். லீவர் நியூட்ரலைக் கடக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சுருக்கென்று ஒரு தட்டு. லீவர் கீழ்க் கியரில் விழுகிறது. முள் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும் கணத்தில் கிளச்சை விடுங்கள். கொஞ்சம் கூடுதலாகத் தட்டுவது குறைவாகத் தட்டுவதைவிட நல்லது. கூடுதல் ஆர்பிஎம் ஒரு கணத்தில் தானே விழுந்து சரியான இடத்துக்கு வந்துவிடும், குறைந்ததை அப்படி ஏற்ற முடியாது. தட்டிவிட்டுக் கிளச்சை விடாமல் யோசித்தால் தட்டியதே வீண். பெரும்பாலானோர் தடுமாறுவது அளவில் அல்ல, இந்தத் தாமதத்தில்தான்.

பிரேக் பிடித்தபடியே இதைச் செய்வது ஹீல் அண்ட் டோ. பெயரைப் பார்த்துக் குதிகாலைத் தேட வேண்டாம். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக் பெடலின் வலது ஓரத்தில் இருக்கட்டும்; பாதத்தைப் பக்கவாட்டில் உருட்டினால் வலது விளிம்பு ஆக்சிலரேட்டரைத் தொடும். முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, நிற்கும் காரில், பிரேக்கின் அழுத்தம் மாறாமல் பாதத்தை மட்டும் உருட்டிப் பழகுங்கள். பிரேக் நன்றாக அமுங்கியிருக்கும்போதுதான் இரண்டு பெடலும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வரும். ஆகவே மென்மையாக பிரேக் போடும்போது இது வராது. வரவில்லையே என்று வருந்த வேண்டாம். சில கார்களில் இரண்டு பெடலும் ஒன்றாக அழுந்தினால் பாதுகாப்புக்காக இசியு த்ராட்டிலை அடக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மழைக்காலத்துக்கு ஓர் எச்சரிக்கை. பின்சக்கர இயக்கக் காரில் ஆர்பிஎம் பொருத்தாமல் கிளச்சைப் படக்கென்று விட்டால், எஞ்சினை மேலே இழுத்துச் செல்லும் வேலை பின்சக்கரங்களின் தலையில் விழும். ஈரத்தில் அவற்றுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. வளைவுக்குள் நுழையும்போது ஹேண்ட்பிரேக் இழுத்த விளைவுதான் கிடைக்கும்.

கேள்வி: ரெவ் மேட்சிங் செய்தால், கியர் விழுமுன் வேகங்களைப் பொருத்தும் சிங்க்ரோ ரிங்குகள் நீண்ட நாள் உழைக்குமா? டபுள் கிளச் தேவையா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மிக அதிகம். கிளச் மிதிபட்டிருக்கும்போது எஞ்சின் ஒருபுறம், கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்ட்டும் கிளச் பிளேட்டும் மறுபுறம். அந்த நிலையில் நீங்கள் ஆக்சிலரேட்டரைத் தட்டினால் எஞ்சின் மட்டுமே ஏறும். ஷாஃப்ட்டுக்குச் செய்தியே போகாது. அதன் வேகத்தைப் பொருத்துவது சிங்க்ரோ ரிங்கின் உராய்வுதான். ஆகவே சாதாரண ரெவ் மேட்சிங் காப்பாற்றுவது கிளச் பிளேட்டையும் டிரைவ்லைனையும். சிங்க்ரோவைக் காப்பாற்றுவது டபுள் கிளச்: கிளச்சை மிதித்து நியூட்ரல், நியூட்ரலில் கிளச்சை விட்டு ஒரு தட்டு, மறுபடி மிதித்துக் கீழ்க் கியர். நடுவில் கிளச்சை விட்ட அந்தக் கணத்தில் ஷாஃப்ட்டும் எஞ்சினோடு ஏறுகிறது. நல்ல நிலையில் உள்ள இன்றைய கியர்பாக்ஸுக்கு இது தேவையில்லை. இரண்டாவது கியர் சிங்க்ரோ தேய்ந்துபோன பழைய காருக்கும், குளிர்ந்த கியர் ஆயிலுக்கும் மிகவும் உதவும்.

உயர் ஆர்பிஎம்மில் மட்டும் கியர் கரகரத்தால் சிங்க்ரோமேல் பழி போடுமுன் கிளச் முழுதாகப் பிரிகிறதா என்று பாருங்கள். ஐடிலில், நியூட்ரலில், கிளச்சை மிதித்து ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளச் இழுக்கிறது; ஹைட்ராலிக்கில் காற்று புகுந்திருக்கலாம். ஆயிலும் முக்கியம். பித்தளை சிங்க்ரோ உள்ள, ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 தர ஆயில் ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும். ரிங் பிடிக்காமல் வழுக்கவும் செய்யும்.

கேள்வி: ரெவ் லிமிட்டர் இருக்கும்போது எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்ற வாய்ப்பே இல்லைதானே?

இருக்கிறது. லிமிட்டர் நிறுத்துவது பெட்ரோலையோ ஸ்பார்க்கையோதான். தவறான கியரில் கிளச்சை விட்டால் எஞ்சினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரங்கள். அவற்றை எந்த இசியுவும் நிறுத்தாது.

7,000-இல் மூன்றிலிருந்து நான்குக்குப் போக நினைத்து இரண்டில் விழுந்தால் முள் 9,900-க்குப் போகும். 150 கிலோமீட்டரில் ஐந்திலிருந்து நான்குக்குப் பதில் இரண்டு என்றால் 11,400. பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கும் விசை ஆர்பிஎம்மின் இருமடியாக ஏறுகிறது. 9,900 என்பது ரெட்லைனில் உள்ளதைப்போல 1.8 மடங்கு விசை. அதற்கு முன்பே வால்வு ஸ்பிரிங்குகள், வால்வுகளைத் திறக்கும் கேமைப் பின்தொடர முடியாமல் திணறி, வால்வு மூடாமல் நின்று பிஸ்டனில் மோதி வளையலாம்.

தவறு நடப்பது கையின் இறுக்கத்தால். லீவரின் ஸ்பிரிங் அதைத் தானாகவே மூன்று-நான்கு வரிசைக்குக் கொண்டுவரும். நீங்கள் கைப்பிடியை முஷ்டியில் இறுக்கிக் குறுக்கே தள்ளினால்தான் வரிசை மாறும். ஐந்திலிருந்து நான்குக்கு: விரல் நுனியால் நியூட்ரலுக்கு இழுங்கள், ஒரு கணம் விடுங்கள், நேராகப் பின்னால் இழுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் காரில் லீவரை உங்களிடமிருந்து அப்பால் தள்ளுவது ஆபத்து. இடப்பக்க ஸ்டியரிங்கில் உங்களை நோக்கி இழுப்பது ஆபத்து. இரண்டிலும் போய்ச் சேருவது ஒன்று-இரண்டு வரிசைக்கு.

நடந்துவிட்டால் உடனே கிளச்சை மிதித்து ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ஓடுகிறதே என்று ஓட்டிப் போக வேண்டாம். சிலிண்டர்கள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கின்றனவா என்று காட்டும் கம்ப்ரஷன் சோதனையும் லீக் டவுன் சோதனையும் செய்த பிறகே மறுபடி ஓட்டலாம். போர்ஷே போன்ற சில கார்களின் இசியு இந்த மிகைச் சுழற்சியைப் பதிவு செய்து வைத்திருக்கும். பழைய கார் வாங்குபவர்கள் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

கேள்வி: எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டால் கார் வேகமாகுமா?

கீழ்க் கியர்களில் உணரலாம். ஃப்ளைவீல் எடைக் குறைப்பின் பயன் கியர் விகிதத்தின் இருமடியைப் பொறுத்தது. அதே மாற்றம் நான்காவது கியரைவிட முதல் கியரில் சுமார் 9 மடங்கு தெரியும். உண்மையான வித்தியாசம் முள்ளில்தான்: தட்டியதும் ஏறும், விட்டதும் விழும். வேகமான கைக்கு அது வரம். நிதானமான கைக்கு ஒவ்வொரு மாற்றத்திலும் ஆர்பிஎம் தேவைக்குக் கீழே போய் நிற்கும். புறப்படும்போது எஞ்சின் எளிதில் அணையும். டூயல் மாஸை எடுத்துவிட்டு ஒற்றை மாஸ் போட்டால் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும். அது பழுதல்ல, அதிர்வை உறிஞ்ச இருந்த ஸ்பிரிங்குகள் இப்போது இல்லை. தினமும் நெரிசலில் ஓட்டும் காருக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி: காரே ரெவ் மேட்சிங் செய்துகொண்டால் ஓட்டும் திறமை கெடாதா?

நிசான் 370இஸட் 2009 மாடலில் இதைக் கொண்டுவந்தது. பிறகு கார்வெட்டிலும் ஹோண்டா சிவிக் டைப் ஆரிலும் வந்தது. லீவர் எந்தக் கியரை நோக்கிப் போகிறது என்பதைச் சென்சார் கண்டுபிடிக்கிறது. இசியு கணக்குப் போட்டு த்ராட்டிலைத் திறக்கிறது. துல்லியமாகவே செய்யும். அணைக்கும் வசதி இருந்தால் பழகும் நாட்களில் அணைத்துவிடுங்கள். ஈரச் சாலையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேகமாக முடுக்க எந்த ஆர்பிஎம்மில் மேல் கியர் மாற்றுவது? டார்க் உச்சத்திலா, ரெட்லைனிலா?

டார்க் உச்சத்தில் மாற்றுவது பரவலான தவறு. கணக்கில் வருவது சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விசை. கீழ்க் கியரின் பெருக்கம் டார்க் சரிவை நெடுநேரம் ஈடுகட்டிவிடும். அடுத்த கியரில் கிடைக்கும் விசை இப்போதுள்ளதைத் தாண்டும் இடத்தில்தான் மாற்ற வேண்டும். டொயோட்டா 86-இல் சக்தியின் உச்சம் 7,000-இல் இருப்பதால் 7,200, 7,300 வரை பிடித்திருப்பதே லாபம். அந்த எஞ்சினுக்கு 3,500-க்கும் 4,500-க்கும் நடுவே ஒரு டார்க் பள்ளம் உண்டு. முதல் கியரை 6,000-இல் மாற்றினால் 3,620-இல், பள்ளத்தின் தொடக்கத்திலேயே விழுவீர்கள். 7,300-இல் மாற்றினால் 4,400-க்கு வந்து, பள்ளத்தை விட்டு ஏறும் இடத்தில் நிற்பீர்கள். டர்போ எஞ்சின்களில் சக்தி சீக்கிரமே உச்சம் தொட்டுச் சரியலாம். அவற்றில் ரெட்லைன்வரை பிடித்து வைப்பதில் பயனில்லை. எதுவானாலும் லிமிட்டரில் முட்டவிடாதீர்கள். முதல் கியரில் முள் அவ்வளவு வேகமாக ஏறுவதால், கண் 7,300-ஐப் பார்த்துக் கால் நகர்வதற்குள் 7,400 வந்துவிடும். அந்த ஒரு கியருக்கு மட்டும் 6,900-லேயே கையைக் கிளப்புங்கள்.